எங்கள் குளோசரை நம்பலாமா?

1

இந்த முறை பனியைப் பற்றி எழுதமாட்டேன். பனி, குளிர், இரண்டு வேலை, ஊர்க் கத்தரிக்காயின் ருசி என்று இங்கிருந்து எழுதுகிற எல்லோரும் எழுதித் தள்ளிவிட்டார்கள். என் பங்குக்கு நானும் எழுதியிருக்கிறேன். இப்போது ரொறன்ரோவில் ஆகஸ்ட் மாதம், வெயில் கொளுத்துகிறது. எங்கள் கட்டடத்தில் ஒரு லிஃப்ற் வேலை செய்யவில்லை, மற்றதுக்குள் ஏறினால் மூச்சு முட்டுகிறது. இந்த எரிச்சலோடு எரிச்சலாக ஒரு பந்து எறிகாரனைப் பற்றியும், அவனை முன்னிட்டு என் வீட்டில் நடந்த கூத்தைப் பற்றியும் எழுதப் போகிறேன்.

ஊரில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த உங்களுக்கு பேஸ்போல் லேசில் பிடிபடாது. தேவையானதை மட்டும் சொல்கிறேன். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். எங்கள் அணி ஓர் ஓட்டமோ இரண்டு ஓட்டமோ முன்னால் நிற்கிறது, கடைசி இன்னிங்ஸ் வந்துவிட்டது, இன்னும் மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்தால் வீட்டுக்குப் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேரை வீழ்த்துவதற்கென்றே ஒருவனைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் அவன் மைதானத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை சப்பிக்கொண்டிருப்பான். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு ஓடி வருவான், பாட்டுப் போடுவார்கள், சனம் எழும்பி நிற்கும். ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவன் என்பதால் அவனுக்குக் ‘குளோசர்’ என்று பெயர்.

எங்கள் அணிக்கும் ஒரு குளோசர் இருக்கிறான். முடித்துக் கொடுக்கத்தான் வருகிறான். வந்து முதல் ஆளுக்குக் கண்டபடி எறிந்து அவனைச் சும்மா நடக்கவிடுவான். நாலு பந்து தவறினால் அடிக்கிறவன் அடிக்காமலே அடுத்த இடத்துக்கு நடந்து போகலாம் என்பது இங்கே சட்டம். அடுத்தவனையும் நடக்கவிடுவான். அதற்குப் பிறகு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு, வென்ற ஆட்டத்தைத் தூக்கி மற்றவன் கையில் கொடுப்பான். எல்லா நாளும் இல்லை. ஆனால் எந்த நாள் கொடுப்பான் என்று சொல்ல முடியாது. அதுதான் ஆளைக் கொல்லுகிறது.

2

டோர்செட் பார்க் என்ற பகுதியில் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் ஸ்ரெலா அக்காவும் அங்கே சந்திப்போம். ஸ்ரெலா அக்கா மன்னார்ப் பக்கம், எனக்கு மூத்தவர், நாலு தளம் கீழே இருக்கிறார். ஒரு மருத்துவமனையின் முன்மேசையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பூசைக்குப் போய் வந்த சேலையோடேயே மெஷினுக்குள் உடுப்பைப் போடுவார். நாங்கள் கதைப்பது வேறு ஒன்றுமில்லை, குளோசர்தான்.

“உவனை நம்பேலாது அக்கா. நேற்றும் பாத்தனீங்களே?”

“பாத்தனான். வெண்டவங்கள்தானே?”

“வெண்டது உவனாலேயே? அந்தப் பின்னுக்கு நிண்ட பெடியன் பாய்ஞ்சு பிடிச்சிராட்டில் எல்லாம் முடிஞ்சிருக்கும். மூண்டு பேரையும் சும்மா நடக்க விட்டிட்டு நிக்கிறான், எருமை.”

“ராணி, நீ ஒண்டை யோசி. மற்றவை எட்டு இன்னிங்சும் ஆடிப்போட்டு, ஒரே ஒரு ஓட்டத்தை முன்னாலை வைச்சுக்கொண்டு, இந்தா பிடியடா எண்டு உவன்ரை கையிலை குடுக்கினம். அடிக்காமல் விட்டவனை ஒருத்தரும் ஏசுறேல்லை. கடைசியாய் நிண்டவனுக்குத்தான் எல்லா ஏச்சும்.”

“அதுக்குத்தானே அவனுக்குச் சம்பளம்?”

“பெடியன் குருசு போட்டிட்டுத்தான் எறியிறவன், தெரியுமே? எல்லாரும் சேர்ந்து திட்டித்தான் அவன்ரை கை நடுங்குது.”

குருசு போட்டுவிட்டு வைட் எறிகிறவனை மாதாவே வந்தாலும் காப்பாற்ற முடியாது என்று வாய் வரைக்கும் வந்தது. ஸ்ரெலா அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். போர்வையின் இரண்டு மூலையை அவர் பிடிக்க, மற்ற இரண்டு மூலையை நான் பிடித்து மடித்தோம். போர்வை மடிகிற வரைக்கும் சமாதானம், பிறகு திரும்பத் தொடங்குவோம்.

வீட்டில் இவருக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. “பந்து நிலத்திலை குத்தாமல் வாற விளையாட்டும் ஒரு விளையாட்டே?” என்பார். கிரிக்கெட்டில் இப்படி வைட் போடுகிறவனுக்கு அடுத்த ஓவர் கொடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய ஒரே வாதம். அதைச் சொல்லிவிட்டுத் தமிழ்ப் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

3

நான் எப்படி இதற்குள் விழுந்தேன் என்று கேட்பீர்கள். வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு தையல் தொழிற்சாலையில் கொலர் அடிக்கிற வேலை. மேற்பார்வைக்கு நின்ற மனிசன் கோடை முழுக்க ரேடியோவில் பேஸ்போல் போட்டுவிடுவான். மெஷின் சத்தத்துக்கு மேலால் அது அலறிக்கொண்டிருக்கும். இங்கிலிஷ் வகுப்புக்குப் போக எனக்கு நேரமும் இல்லை, பிள்ளையைப் பார்க்க ஆளும் இல்லை. ஆகவே என் இங்கிலிஷ் அந்த ரேடியோவிலிருந்து வந்தது.

அந்த இங்கிலிஷுக்கு ஒரு குணம் உண்டு. நேர்முக வர்ணனை செய்கிறவர்கள் ஆளைச் சொல்லமாட்டார்கள். ‘வீசினான், தவறவிட்டான்’ என்பதை ‘ஸ்விங்ஸ் அண்ட் மிஸ்ஸஸ்’ என்று வெறும் வினையாகத்தான் சொல்வார்கள். ‘ஹீ’யும் கிடையாது, ‘யூ’வும் கிடையாது. தமிழிலும் அப்படித்தானே? ‘வந்தான்’ என்றால் போதும், யார் வந்தது என்பது அந்தச் சொல்லின் வாலிலேயே இருக்கிறது. ஆகவே எனக்கு அது வெகு சுகமாக இருந்தது. கதைக்கும்போதும் எழுதும்போதும் ஆளை விட்டுவிட்டு வினையை மட்டும் போட்டு இத்தனை காலமும் ஓட்டிவிட்டேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. இங்கே உங்கள் இங்கிலிஷைத் திருத்த எவருக்கும் நேரமில்லை, புன்னகைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

இங்கிலிஷ் வினைக்கு வால் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

4

எங்களுக்கு ஒரே மகன், கரன். லிஃப்ற் திருத்துகிற ஒரு கொம்பனியில் வேலை. எங்கள் கட்டட லிஃப்ற் பழுதாய்க் கிடக்க, என் பிள்ளை எட்மன்டனில் யாருடைய லிஃப்றையோ திருத்திக்கொண்டிருக்கிறான். அங்கே போக விமானத்தில் நாலு மணித்தியாலம். இந்த நாட்டுக்குள்ளேயே அவன் இருக்கிற இடத்தில் மணிக்கூடு வேறு நேரம் காட்டுகிறது.

சின்னவனாக இருக்கும்போது என் மடியில் இருந்து பேஸ்போல் பார்த்தவன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து அவனைப் பிரித்ததும் அதுதான். பின்நேர ஆட்டத்துக்காக வயிற்றுக்குத்து என்று படுத்துக்கொள்வான், நானும் பேசாமல் விட்டுவிடுவேன். ஆகவே தமிழ் கேட்டால் விளங்கும், ஓரளவு கதைப்பான், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. இப்போது நாங்கள் இருவரும் போனில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்வது இங்கிலிஷில். அதுவும் என்ன? ஆட்டம் நடக்கும்போது ‘பார்த்தாயா?’, ‘பார்த்தேன்’, ‘இவனை ஏன் இறக்கினார்கள்?’, ‘எனக்கென்ன தெரியும்?’ இவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று கேட்டால் மறுமொழி வராது. குளோசர் என்று போட்டால் உடனே வரும்.

வருவேன் என்று சொல்லிக் கடைசி நேரத்தில் வராமல் விடுவது கரனுக்குக் கைவந்த கலை. பொங்கலுக்கு வருவதாகச் சொல்லி முதல்நாள் விட்டான். இவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து, சொந்தக்காரர் எல்லோருக்கும் மகன் வருகிறான் என்று சொல்லி, அவன் அளவுக்கு வேட்டி சட்டையும் வாங்கி வைத்திருந்தேன். அன்று காலை போன் எடுத்து, வேலையில் அவசரம், விமானத்தை விட்டுவிட்டேன் என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“நீயும் உந்தக் குளோசரும் ஒண்டுதான். எல்லாம் நல்லாத்தான் போகும். கடைசியிலை கைவிடுவியள். உங்களை நம்பேலாது!” என்று கத்தினேன்.

அவன் சிரித்தான். அதற்குப் பிறகு செய்தி அனுப்பினால் அடியில் ‘யுவர் குளோசர்’ என்று கையெழுத்துப் போடத் தொடங்கினான். பகிடியாக எடுத்துக்கொண்டான் என்று எனக்கும் நிம்மதி.

5

ஜூலைக் கடைசியில் இங்கே ஒரு சடங்கு உண்டு. அணிகள் ஆளை ஆள் மாற்றிக்கொள்வதற்கு ஒரு கடைசி நாள். அதற்கு முந்திய கிழமை ரேடியோவில் வேறு கதையே கிடையாது. எங்கள் குளோசரைத் தள்ளிவிடப் போகிறார்கள், யாரோ மேற்குக் கரைக்காரர் கேட்கிறார்களாம், இன்றைக்கா நாளைக்கா என்று ஒரே இரைச்சல். நானும் ஒவ்வொரு நாளும் கரனுக்கு எழுதினேன். ‘எப்போது அனுப்புவார்கள்?’, ‘ஏன் இன்னும் அனுப்பவில்லை?’

புதன்கிழமை மத்தியானம் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவனுடைய வழக்கப்படி சுருக்கமாக:

‘ட்ரான்ஸ்பர் கமிங் த்ரூ. குளோசர்! ஹாப்பி நவ்?’

இங்கே ட்ரான்ஸ்பர் என்ற சொல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் அப்பா தபால் கந்தோரில் கிளாக்கர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பார். பதுளைக்கு மாற்றம், அனுராதபுரத்துக்கு மாற்றம், திரும்பவும் பதுளைக்கு. அப்பா கிட்டடிக்கு மாற்றம் கேட்டுக் கேட்டு எழுதினார், எம்.பி.யைப் போய்ப் பார்த்தார், ஒருநாளும் கிடைக்கவில்லை. ட்ரான்ஸ்பர் என்றால் ஆளைத் தூரக் கொண்டுபோவது. கிட்டக் கொண்டுவருகிற ட்ரான்ஸ்பரை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

ஆகவே செய்தியைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது ஒன்றுதான். குளோசரைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு வந்த சந்தோசத்தில் ஈரக் கையைத் துடைக்காமலே மறுமொழி தட்டினேன்:

‘வெரி ஹாப்பி. கோ ஃபார் அவே. நோபடி வோன்ட் ஹியர். லாஸ்ட் மினிட் கனொட் ட்ரஸ்ட்.’

தூரப் போகட்டும், இங்கே ஒருத்தருக்கும் அவன் வேண்டாம், கடைசி நேரத்தில் நம்ப முடியாதவன் என்று எழுதியதாக நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ‘கே’ என்று ஒற்றை எழுத்து வந்தது. இங்கத்தைய பிள்ளைகளுக்கு ‘ஓகே’ என்று எழுதவும் பஞ்சி, அவ்வளவு சோம்பல். சரியென்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கோப்பைகளை அடுக்கினேன்.

6

அடுத்த நாள் பின்நேரம் ஆட்டம். வேலை முடிந்து வந்து தேத்தண்ணியோடு இருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், எங்கள் அணி ஓர் ஓட்டம் முன்னால். மூலைக் கதவு திறந்தது. பாட்டுப் போட்டார்கள். ஓடி வருகிறான் அவன்!

“இஞ்சேருங்கோ, உவன் போகேல்லையே?” என்று கத்தினேன்.

“ஆர் போகேல்லை?” என்று இவர் பேப்பருக்குள்ளிருந்து கேட்டார்.

“குளோசர். கரன் சொன்னவனே, மாத்திப் போட்டாங்கள் எண்டு.”

வந்தவன் வழக்கம்போல இருவரை நடக்கவிட்டு, மூன்றாமவனுக்கு நடுவில் ஒரு பந்தைப் போட்டான். அது மைதானத்துக்கு வெளியே போய் விழுந்தது. ஆட்டம் போச்சு. குளோசர்மேல் வந்த கோபம் பாதி, பொய்ச் செய்தி சொன்ன மகன்மேல் வந்த கோபம் பாதி. உடனே எழுதினேன்:

‘ஆல் லை. ஸ்டில் ஸ்டாண்டிங் தேர் ஒன்லி. சேம் லைக் ஆல்வேஸ். ஸ்பொயில் எவ்ரிதிங்.’

எல்லாம் பொய், இன்னும் அங்கேதான் நிற்கிறான், எப்போதும்போல எல்லாவற்றையும் பழுதாக்கினான். என் கணக்கில் நான் எழுதியது அதுதான்.

இதற்கு ‘கே’கூட வரவில்லை.

7

அந்தக் கிழமை முழுக்க ஒரு செய்தியும் இல்லை. பிழையான கதை சொன்னதில் வெட்கப்பட்டிருக்கிறான் என்று நினைத்தேன். வெட்கப்படட்டும் என்றும் நினைத்தேன். ஒரு நாள் குளோசர் மூன்று பேரையும் வரிசையாக வீழ்த்தினான், ஸ்ரெலா அக்கா கீழிருந்து போன் எடுத்து ஆர்ப்பரித்தார். கரனுக்கு அதை எழுதினேன், மறுமொழி இல்லை. போன் எடுத்தேன், அது ஆட்டோமற்றிக்காகக் கதைத்தது. குளோசர் என்று போட்டும் மறுமொழி வரவில்லை என்றபோதுதான் ஏதோ பிழை என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கும் அறையில் ஸ்ரெலா அக்காவிடம் சொன்னேன். “போனைக் காட்டு பாப்பம்” என்று வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு வாசித்தார். திரும்ப மேலே தள்ளி முதலிலிருந்து வாசித்தார்.

“ராணி, உவன் பந்து எறியிறவனைச் சொல்லேல்லையடி.”

“பின்னை ஆரை?”

“தன்னைத்தான். தனக்கு ட்ரான்ஸ்பர் வருது, கிட்ட வாறன் எண்டெல்லோ எழுதியிருக்கிறான். குளோசர் எண்டால் கிட்ட.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் இரண்டு முறை சொல்லிக் காட்டினார், ஒன்று மூடுகிறவன், மற்றது கிட்ட. ஸ்ரெலா அக்காவின் வாயில் இரண்டும் வேறு வேறாகத்தான் வந்தன. என் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன. எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்தாம். இதென்ன மொழி என்று கேட்கிறேன். கிட்ட வருகிறவனுக்கும் பூட்டுகிறவனுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி உலகத்தை ஆண்டார்கள்?

“சரி, அவன் எழுதினது விளங்கேல்லை, போகட்டும். நீ என்ன எழுதியிருக்கிறாய் பார். ‘கோ ஃபார் அவே.’ தூரப் போ எண்டு எழுதியிருக்கிறாய்.”

“தூரப் போகட்டும் எண்டுதானக்கா எழுதினனான்!”

“உதிலை ‘போகட்டும்’ எங்கை இருக்கு? ‘போ’தான் இருக்கு. குளோசர் எண்டு அவனுக்குப் பட்டமும் வைச்சது நீதானே? இனி அவன் என்னெண்டு விளங்கிறது?”

தமிழில் எழுதியிருந்தால் இந்தச் சனியன் நடந்திருக்குமா? ‘போகட்டும்’ என்பதையும் ‘போ’ என்பதையும் எங்கள் மொழியில் எந்தக் குழந்தை மாறி விளங்கும்? ஆனால் தமிழில் எழுதினால் அவனுக்கு வாசிக்கத் தெரியாது. மற்றச் செய்தியைத் திரும்ப வாசிக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஸ்ரெலா அக்கா வாசித்தார். எல்லாம் பொய், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாய், எப்போதும்போல எல்லாவற்றையும் பழுதாக்குகிறாய்.

8

திங்கட்கிழமை காலையிலிருந்து கரனுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. ‘பிஸி’ என்று ஒரு சொல் வந்தது. இதை இன்னொரு தரம் இங்கிலிஷில் எழுதி விளங்கப்படுத்தப் போய் இன்னும் என்ன நாசம் வருமோ என்று பயமாக இருந்தது. ஆகவே அவனுடைய கொம்பனிக்கே அடித்தேன். ட்ரான்ஸ்பர் விசயத்தை அங்கே பார்க்கிறவர்களிடம் நேரே கேட்டால் என்ன?

ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மெஷின் அலைக்கழித்தது. பிறகு பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று இடைக்கிடை ஒரு பொம்பிளை வந்து பொய் சொன்னாள். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்த பிறகு உண்மையான ஆள் ஒருத்தி வந்தாள். ஊழியர் இலக்கம் கேட்டாள். தெரியாது என்றேன். நீங்கள் ஊழியரா என்று கேட்டாள்.

“நோ. மதர்.”

அந்தரங்கப் பாதுகாப்புக் காரணமாக ஊழியரைப் பற்றி எதுவும் கதைக்க முடியாது என்றாள். நான் பெற்ற பிள்ளையைப் பற்றி என்னோடு கதைக்க முடியாதாம். என் மகன் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது பிழை, செய்தியைப் பிழையாக விளங்கிவிட்டான், இடத்தை வைத்திருங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுவதையும் கொட்டினேன். ‘மிஸ்டேக், மிஸ்டேக், நாட் ஹிம், பேஸ்போல்’ என்றேன். இன்றைய நாள் இனிய நாளாகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஊரில் அப்பாவின் மாற்றத்துக்காகக் கந்தோர் வாசலில் நின்றபோது பியோன் ஏசித் துரத்தினான். அவனோடு திருப்பிச் சண்டை பிடிக்கலாம். இனிய நாள் சொல்லித் துரத்துகிறவர்களோடு என்ன செய்வது?

9

ஆனால் அதனால் ஒரு பலன் வந்தது. அன்று பின்நேரமே கரன் போன் எடுத்தான். எடுத்த எடுப்பில் கத்தினான்.

“அம்மா, டிட் யூ சீரியஸ்லி கோல் மை ஹெச்.ஆர்? எல்லாரும் சிரிக்கினம்!”

“சிரிக்கட்டும். நீ முதல் நான் சொல்லுறதைக் கேள்” என்று தொடங்கி, பந்து எறிகாரன், ரேடியோ, போகட்டும், போ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தார்.

பிறகு, “ஸோ யூ மென்ட் த பிட்சர், பந்து எறியிறவனைத்தான்” என்றான்.

“பின்னை? உன்னையே நான் தூரப் போ எண்டு சொல்லுவன்?”

“ஐ செட் நோ டு தெம், அம்மா. கிங்ஸ்ரனிலை போஸ்ற்றிங். உங்களிட்டை இருந்து ட்ரைவ் பண்ணினா ரெண்டு ரெண்டரை மணித்தியாலம். வெள்ளிக்கிழமைக்குள்ளை சொல்லச் சொன்னாங்கள். அப்பான்ரை பேர்த்டேக்குப் பிறகு நான்தான் கேட்டு எழுதினனான். நீங்க அப்பிடி எழுதினதும் வேண்டாம் எண்டிட்டன். வேறை ஆளுக்குக் குடுத்தாச்சு.”

தானே கேட்டு எழுதினானாம். என் அப்பா எழுதியதுபோல, கிட்டடிக்கு மாற்றம் கேட்டு. அவனுக்குக் கிடைத்தும் இருக்கிறது. கையில் வந்ததை நான் இங்கிலிஷில் தட்டி விட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, அது கோபமாகத்தான் வெளியே வந்தது.

“ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே? பெத்த தாய் அப்பிடி எழுதுவாளோ எண்டு ஒருக்கால் யோசிக்கேல்லையே? என்னெண்டடா அப்பிடி நினைச்சனீ?”

அவன் மறுமொழி சொன்னபோது குரலில் கோபம் இருக்கவில்லை.

“எனக்கு அது புதுசா இருக்கேல்லை அம்மா. ஐ வோஸன்ற் ஈவன் ஸர்ப்ரைஸ்ட்.”

இத்தனை காலத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இதுபோல ஒன்று என் நெஞ்சில் வந்து விழுந்ததில்லை.

“நான் எப்பவடா உன்னை வராதை எண்டனான்?”

“வா எண்டும் சொன்னதில்லையே. ஒவ்வொரு முறையும், ‘நீ எங்கை வரப்போறாய்’ எண்டுதானே சொல்லுறனீங்கள்.”

வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் ‘நீ எங்கை வரப்போறாய்’ என்றால் என்ன அர்த்தம்? வா என்றுதான் அர்த்தம். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். சொல்லப்பட்டவர், ‘ஏன், வராமல் என்ன?’ என்று ரோசப்பட்டு வந்து நிற்கவேண்டும். அப்படித்தான் நாங்கள் ஆளை அழைக்கிறோம், அப்படித்தான் நானும் அழைக்கப்பட்டேன். இதை ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

“அதுதானேயடா வா எண்டு சொல்லுறது! உனக்கு அதுகூட விளங்காதே?”

“ஹவ் வுட் ஐ நோ தற்? நீங்க என்னை நம்பேல்லை எண்டுதான் நான் எடுத்தனான். நான் வரமாட்டன் எண்டு நீங்களே சொல்லேக்கை, பிறகு ஏன் வரவேணும் எண்டு இருக்கும்.”

நான் இவரைப் பார்த்தேன், எனக்காக நாலு வார்த்தை கதைப்பார் என்று. அவர் என் பக்கம் நிற்கவில்லை.

“பெடியன் கேக்கிறது சரிதானே. நீர் ஒருக்கால் வா எண்டு சொல்லுமன்.”

சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஓர் எழுத்து. கறிவேப்பிலை விற்கிற கடைக்காரனிடம்கூட வருகிறேன் போகிறேன் என்று நூறு தரம் சொல்கிறோம். ஆனால் பெற்ற பிள்ளைக்கு வெறும் ‘வா’ என்று, ஏச்சு இல்லாமல், குத்தல் இல்லாமல், வாலில் ஒன்றும் கட்டாமல் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. கெஞ்சுகிறது மாதிரி இருந்தது. இவர் என் முழங்கையைத் தட்டினார்.

“வா” என்றேன்.

“இப்ப சொல்லி என்ன அம்மா? இடம்தான் போட்டுதே.”

“போனது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுறன். வா.”